பிலோமினா டீச்சர் வீட்டுக் கதவை உடைத்தோம்

சாத்திய கதவு ஒன்றின் முன்னால் பதினொரு பேர் நின்றுகொண்டிருந்தோம். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். எல்லோர் தோளிலும் குறுக்காக நீலப் பட்டை. லிங்கராஜபுரத்துச் சந்தில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கதவுக்கு உள்ளே ஒரு பட்டன் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

வெளியிலிருந்து அதை அடித்துக்கொண்டிருந்தவன் நான். உள்ளே எடுக்க வேண்டியவர் பிலோமினா டீச்சர்.

"கட் பண்ணிட்டு இன்னொரு வாட்டி போடுங்க சார்," என்றார் கலீம் பாய்.

போட்டேன். மறுபடி அடித்தது. ஜன்னல் திரை அசையவில்லை. செருப்புச் சத்தம் இல்லை. "யாரது?" என்று கேட்கும் அந்த வகுப்பறைக் குரலும் இல்லை.

மற்றவர்களுக்கு டீச்சரை நினைத்துப் பயம். எனக்கு அதோடு இன்னொரு பயமும் சேர்ந்திருந்தது. அன்று காலை ஆறரைக்கு டீச்சரிடம் பேசிவிட்டதாக ஊருக்கும் கடல் கடந்தும் அறிவித்தவன் நான். பேசவே இல்லை என்பதைக் கால் மணி நேரத்துக்கு முன்புதான் ஒப்புக்கொண்டிருந்தேன்.

பப்ஸும் சேவையும்

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய பல்செட் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "நீங்கள் எல்லாம் ஊருக்குச் சேவை செய்கிறீர்களா, ஊரை உங்களுக்குச் சேவை செய்ய வைக்கிறீர்களா?" நியாயமான கேள்வி. இந்த வாரக் கதை அவர் சந்தேகத்தைத் தீர்க்காது, வலுப்படுத்தும்.

எங்கள் சங்கத்தின் முழுப்பெயர் ஆங்கிலத்தில் எட்டுச் சொற்கள். சொல்லி முடிப்பதற்குள் எங்களில் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கும் என்பதால் 'சங்கம்' என்றே சொல்வோம். ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு உபகாரமாக ஏதாவது செய்ய வேண்டும் என்பது நோக்கம். பல நாடுகளில் கிளை உண்டு. தலைமையகம் ஐரோப்பாவில், பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில்.

என்னைப் பிடித்து உள்ளே போட்டவர் கிளைத் தலைவர் நஞ்சப்பா. பஸ் டெப்போ மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மனைவி காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மகள் ஓசூரில். நான் ஜோகுபாளையத்து வீட்டில் தனியாக. பிரேசர் டவுன் பேக்கரி ஒன்றில் முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அறுபது ஆச்சா?"

"ஆச்சு."

"சும்மாதானே இருக்கீங்க?"

"சும்மா இருக்கணும்னுதான் சார் முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ் போனேன்."

"பரவால்ல. நாளைக்கு காலைல எட்டு மணிக்கு சிக்னல் கிட்ட பன்னி," என்றார். பன்னி என்றால் கன்னடத்தில் வாருங்கள். அது அழைப்பு இல்லை, டெப்போ உத்தரவு என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதல் வேலை, வயதானவர்களைச் சாலை கடக்க வைப்பது. ஓரமாகத் தயங்கி நின்ற ஒரு பெரியவரின் முழங்கையை அன்போடு பற்றி எதிர்ப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சேர்ந்ததும் அவர் என் முழங்கையைப் பற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார். எனக்குச் சந்தேகம் வந்தது. மறுபடி அழைத்துப் போனேன். மறுபடி அழைத்து வந்தார். அவர் பக்கத்து ஏரியாக் கிளையின் தொண்டர் என்பது நான்காவது முறை கடந்தபோதுதான் தெரிந்தது. அன்று மாலை இரண்டு கிளைகளும் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பின. இரண்டிலும் பயனாளி ஒருவர்.

காலைச் சங்கிலி

எங்கள் கூட்டத்தில் வருகைப் பதிவின்போது யாரும் 'பிரசன்ட்' சொல்வதில்லை. 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். நஞ்சப்பா 'இத்தீனி' என்பார், கலீம் பாய் 'ஹாஜிர்' என்பார். எங்கள் வயதில் அது வெறும் பதிவு இல்லை, செய்தி.

இதிலிருந்து பிறந்ததுதான் காலைச் சங்கிலி. தனியாக இருக்கும் உறுப்பினர்கள் தினமும் காலையில் ஒருவர் அடுத்தவரைப் போனில் கூப்பிட்டு, ஆள் எழுந்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். பேசியதும் வாட்ஸப் குழுவில் ஒரு டிக் போட வேண்டும். டிக் விழாவிட்டால் நஞ்சப்பா கிளம்பி வந்துவிடுவார்.

சங்கிலியின் கடைசிக் கண்ணி பிலோமினா டீச்சர். கணக்கு டீச்சராக இருந்தவர். எழுபத்தைந்தை நெருங்குகிறார். வாட்ஸப் கிடையாது, கூட்டங்களுக்கும் வருவதில்லை. மகன் ஆல்வின் வாங்கி அனுப்பிய பெரிய போனைத் துணி போர்த்தி பீரோவில் வைத்துவிட்டு, பட்டன் போனே போதும் என்பவர். அவரை ஆறரைக்குக் கூப்பிடுவது என் பொறுப்பு.

கூடவே ஒரு துணைப் பொறுப்பும் உண்டு. ஆல்வின் இருப்பது மெல்போர்னில். அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொள்ள வேண்டும் என்று பல வருடங்களாக நச்சரிப்பு. டீச்சருக்கு விருப்பம் இல்லை. "கேஸ்காரனைத் திட்டறதுக்குக்கூட அங்க யோசிச்சி இங்கிலீஷ்ல திட்டணும்," என்பார். கடைசியில் அம்மாவும் மகனும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தினமும் காலையில் நான் ஆல்வினுக்கு 'அம்மா ஓகே' என்று செய்தி அனுப்ப வேண்டும். அது ஒழுங்காக வரும்வரை டீச்சர் தன் வீட்டிலேயே இருக்கலாம். ஒரு நாள் பொய்த்தாலும் மெல்போர்னுக்கு டிக்கெட்.

ஆக, ஒரு பெண்மணியின் வீடு என் ஒரு விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலை நம்பலாம். விரலின் சொந்தக்காரன்தான் சரியில்லை.

டிக் முதலில்

முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். எங்கள் பிரிவில் ஒரு நடைமுறை. பதிவேட்டில் 'முடிந்தது' என்று முதலில் குறித்துவிடுவோம். வேலையைப் பிறகு செய்வோம். மோசடி இல்லை. நம் மேல் நாமே வைக்கும் நம்பிக்கை.

அந்தப் பழக்கம் சங்கிலிக்கும் வந்துவிட்டது. ஆறரைக்கு முதலில் டிக், அடுத்து 'அம்மா ஓகே', அதற்குப் பிறகு காபி, அதற்குப் பிறகு டீச்சருக்குப் போன். ஐந்து நிமிட இடைவெளிதான். ஒரு நாளும் பிசகியதில்லை.

பிசகிய நாள் இது. தலைமையகத்திலிருந்து இங்க்ரிட் அம்மா எங்கள் கிளையைப் பார்க்க வருகிறார். நார்வேக்காரர். எண்பதைத் தொட்டவர். காலைச் சங்கிலியைப் பற்றி எங்கள் அறிக்கையில் படித்து அசந்துபோய், நேரில் பார்க்க வேண்டும் என்று வருகிறார். வரவேற்புரை என்னுடையது. நிகழ்ச்சி நிரலில் அதற்கு அடுத்து 'காலைச் சங்கிலி: நேரடிச் செயல்விளக்கம்'.

காலையில் டிக் போட்டேன். 'அம்மா ஓகே' அனுப்பினேன். போனைச் சைலன்டில் போட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் உரையை ஒத்திகை பார்த்தேன். கையை எந்த இடத்தில் உயர்த்துவது, எந்த இடத்தில் குரல் தழுதழுப்பது என்று முடிவு செய்யவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பிறகு ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன். பட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

டீச்சரை மறந்தே போனேன்.

சட்டைப் பையில் ஆல்வின்

பிரேசர் டவுனில் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் சின்ன ஹால். இங்க்ரிட் அம்மாவுக்கு மாலை போட்டு முடித்திருந்தார்கள். நான் எழுந்து மைக்கைத் தட்டியபோது சட்டைப் பை அதிர்ந்தது. ஆல்வின். ஓரமாகப் போய் எடுத்தேன்.

"அங்கிள், காலைல அம்மாகிட்ட பேசினீங்கல்ல?"

"மெசேஜ் போட்டேனே தம்பி."

"எப்படி இருந்தாங்க?"

இந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நான், "ஜோரா இருந்தாங்க. இட்லி ஊத்தப் போறேன்னாங்க," என்றேன்.

"லஞ்ச் பிரேக்ல அரை மணி நேரமா கூப்பிட்டுட்டே இருக்கேன் அங்கிள். எடுக்கவே மாட்டேங்கறாங்க."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். தவறிய அழைப்புகள் நான்கு. நான்கும் டீச்சரிடமிருந்து. நான் கண்ணாடி முன்னால் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில்.

ஒரு தடவை கூப்பிட்டால் ஏதோ கேட்பதற்கு. நாலு தடவை என்றால்?

நஞ்சப்பாவிடம் ஓடினேன். சொன்னேன்.

"மாத்தாடில்வா? பேசவே இல்லியா? டிக் போட்டீங்களே!"

"போட்டேன் சார்."

"டிக் போட்டுட்டு பேசல?"

"பேசறதுக்கு முன்னாடி போட்டுட்டேன்."

"வண்டி எடுக்காம ட்ரிப் ஷீட்ல கையெழுத்து போட்ட கண்டக்டரை நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?"

"என்னவா இருந்தாலும் பண்ணுங்க சார். முதல்ல வண்டியை எடுங்க."

இங்க்ரிட் அம்மாவுக்கு ஊரைச் சுற்றிக் காட்டப் பிடித்துவைத்திருந்த டெம்போ டிராவலர் வாசலில் நின்றது. எல்லோரும் ஏறினோம். இங்க்ரிட் அம்மாவும் ஏறிவிட்டார். தலைமையகப் பிரதிநிதி வெளியே செல்லும்போது சங்கக் கொடியும் உடன் செல்ல வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அவசர காலத்தில் அது பொருந்துமா என்று விதிப் புத்தகத்தில் இல்லை. இல்லாததால் நஞ்சப்பா கொடியையும் தூக்கி வந்தார். ஒன்பதடிக் கம்பம், நுனியில் பித்தளை ஈட்டி. அது ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மேம்பாலத்தில் ஆம்புலன்சுக்குக்கூட அவ்வளவு வழி விட்டிருக்க மாட்டார்கள்.

தோள் இல்லாத படை

இப்படித்தான் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றோம்.

மாடியில் குடியிருப்பவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். எதிர்வீட்டிலும் ஆளில்லை. கலீம் பாய் பூட்டை ஆராய்ந்தார். ட்ரங்க் பெட்டியும் பூட்டும் விற்ற கடைக்காரர் அவர். இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு அது.

"அரே, இது நம்ம காலத்து பூட்டு இல்ல சார். நம்ம காலத்துல பூட்டுன்னா வெளிய தொங்கும். பார்த்தாலே தெரியும், ஆளு உள்ளயா வெளியயான்னு. இது சொல்ல மாட்டேங்குது."

தன் மூக்குக் கண்ணாடியின் காலை விட்டுத் திருகிப் பார்த்தார். கால் உடைந்தது. இங்க்ரிட் அம்மா கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக் கொடுத்தார். அது வளைந்தது.

"உடைச்சிடலாம் சார்," என்றேன் நான்.

"யாரு உடைக்கறது? எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆயிருக்கு," என்றார் நஞ்சப்பா.

கலீம் பாய்க்கு ஸ்டென்ட். எனக்குத் தோள்பட்டை இறுகிப்போய்ச் சட்டை மாட்டவே கால் மணி நேரம். மற்றவர்களும் வரிசையாகத் தங்கள் முழங்கால், முதுகு, கண் ஆபரேஷன் விவரங்களைச் சொன்னார்கள். பதினொரு பேரில் கதவை இடிக்கத் தகுதியான ஒரு தோள் இல்லை.

உள்ளே போன் மறுபடி அடித்தது. இந்த முறை நான் கூப்பிடவில்லை. மெல்போர்ன்.

நான் நஞ்சப்பாவின் கையிலிருந்து கொடியைப் பிடுங்கினேன். பித்தளை ஈட்டியைக் கதவிடுக்கில் செருகினேன். "தள்ளுங்க!" என்று கத்தினேன். ஒன்பதடிக் கம்பத்தைப் பிடித்து ஏழெட்டுப் பேர் சாய்ந்தோம். சங்கக் கொடி கலீம் பாயின் தலையில் முக்காடாக விழுந்தது. 'மடார்' என்று ஒரு சத்தம். பூட்டு சட்டத்தோடு பெயர்ந்து வந்தது.

பின்னால் கைதட்டல். இங்க்ரிட் அம்மா. செயல்விளக்கம் தொடங்கிவிட்டது என்று நினைத்து முதலிலிருந்தே படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு தலைமையகத்தின் இதழில் அந்தப் படம் வந்தது. வெளிறிய முகமும் பிளந்த வாயுமாக நான். கீழே, 'ஒத்திகையில் கவலை தோய்ந்த நண்பராகத் தத்ரூபமாக நடித்த உறுப்பினர்'. என் வாழ்க்கையில் நடிப்புக்காகக் கிடைத்த ஒரே பாராட்டு, நான் நடிக்காத ஒரே நாளுக்கு.

உள்ளே ஓடினோம். கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. குளியலறை காலி. அடுப்பு தொட்டால் குளிர்ந்தது. டீச்சர் எங்கேயும் இல்லை. மேஜையின் மேல் பட்டன் போன் மட்டும். என் போனில் மறுபடி அழுத்தினேன். அந்தச் சின்னத் திரை வெளிச்சமாகி என் பெயரைக் காட்டியது: 'தேவராஜ் 6.30'.

பெயரோடு நேரத்தையும் சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறார்.

"யாரு செத்தது?"

"என்ன கூட்டம் இது? என் வீட்ல யாரு செத்தது?"

திரும்பினோம். வாசலில் பிலோமினா டீச்சர். பின்னால் ஆட்டோ டிரைவர், பெயர்ந்த பூட்டை மிதிக்காமல் ஒதுங்கி நின்றார்.

"டீச்சர், நீங்க..." என்று தொடங்கினேன்.

"நானா? நீங்கதானே செத்தது!" என்றார். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை. "ஆறரைக்கு போன் வரல. ஏழு மணிக்கு நான் போட்டேன். எடுக்கல. நாலு வாட்டி போட்டேன். சர்ச் பூசைக்குக்கூட போகாம ஜோகுபாளையத்துக்கு ஆட்டோ புடிச்சேன். பதட்டத்துல போனைக்கூட எடுத்துக்கல. அங்க பாத்தா, முன்கதவு உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு. தட்டறேன் தட்டறேன், ஒரு சத்தம் இல்ல."

இங்கே என் புத்திசாலித்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முன்கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, பின்பக்கக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போவது என் வழக்கம். வீட்டில் ஆள் இருப்பதாகத் திருடன் நினைத்துக்கொள்வான் என்று ஏற்பாடு. இத்தனை வருடத்தில் அந்த ஏற்பாட்டை முழுமையாக நம்பிய ஒரே ஆள் டீச்சர்.

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்ன பண்ணுவாங்க? பக்கத்துல கார்பென்டரைக் கூப்பிட்டு உடைச்சிட்டேன். உள்ள ஆளே இல்ல!"

நஞ்சப்பா சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே காலைல ரெண்டு கதவு," என்றார் கலீம் பாய், கொடியைத் தலையிலிருந்து எடுத்து மடித்தபடி. "திருடனுங்ககூட இவ்ளோ வேலை செய்ய மாட்டானுங்க."

யாரோ சிரித்தார்கள். அப்போது என் சட்டைப் பை மறுபடி அதிர்ந்தது. ஆல்வின், வீடியோவில்.

மெல்போர்னிலிருந்து ஒரு விசாரணை

"அங்கிள், அம்மா எங்க?"

போனைத் திருப்பி டீச்சரைக் காட்டினேன். அவன் பெருமூச்சு விட்டான். அடுத்த நொடி அம்மாவின் பின்னால் இருந்த கதவைப் பார்த்துவிட்டான்.

"டோர் ஏன் அப்படி இருக்கு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். லேசாகத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று. டிக்கெட் விழுந்துவிடும். வீடு போய்விடும். 'ஒத்திகை தம்பி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படம் எடுத்த சாட்சிகூட எங்களிடம் இருந்தது.

ஆனால் காலையிலேயே இட்லி ஊற்றியாகிவிட்டது. அதற்கு மேல் ஊற்ற மாவு இல்லை.

"ஆல்வின், நான் இன்னிக்கு அம்மாவைக் கூப்பிடல. கூப்பிடாமலே ஓகேன்னு போட்டேன்."

"இட்லின்னீங்களே?"

"அதுவும் பொய்தான்."

"உங்க மெசேஜைப் பாத்தப்புறம்தான் அங்கிள் தினமும் எனக்கு வேலையே ஓடும்," என்றான். கத்தியிருந்தால் தேவலை. "அம்மா, போதும். நான் டிக்கெட் போடறேன்."

டீச்சர் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"டேய், ஒண்ணு சொல்றேன் கேளு. இவர் என்னைப் பாத்துக்கறாருன்னு நீ நினைச்சிட்டிருக்க. இவரா? மாத்திரை போட்டீங்களான்னு தினமும் இவரை நான்தான் கேக்கறேன். போன வாரம் உப்பே போடாம சாம்பார் வெச்சிட்டு, என்னமோ குறையுது டீச்சர், என்னான்னு தெரியலைங்கறாரு. ஒரு நாள் இவர் போன் எடுக்கலன்னா கதவை உடைக்க ஒரு ஆள் வேணாமா? மெல்போர்ன்ல உக்காந்துக்கிட்டு ஜோகுபாளையத்துக் கதவை நான் எப்படிடா உடைக்கறது?"

சங்கப் பதிவேட்டில் 'தொண்டர்' என்ற கட்டத்தில் என் பெயரும் 'பயனாளி' என்ற கட்டத்தில் டீச்சர் பெயரும் இருந்தன. எழுதியவன் நான். அன்றுவரை அதை நம்பியவனும் நான்.

ஆல்வின் அம்மாவுக்குப் பின்னால் எதையோ பார்த்தான்.

"அம்மா, கிச்சன்ல யாரு அந்த வெள்ளைக்கார ஆன்டி?"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "தெரியலடா. எல்லாருக்கும் காபி போடறாங்க போல."

அவனால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டான். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அம்மா, அங்கிள் மெசேஜ் இனிமே வேணாம். நீ கூப்பிடு அவரை. அவர் இருக்காருன்னு நீ எனக்கு மெசேஜ் போடு. அவரை விசாரிக்கிற அளவுக்கு நீ நல்லா இருக்கன்னு நான் தெரிஞ்சுக்கறேன்."

"இந்த போன்ல எனக்கு டைப் அடிக்கத் தெரியாது."

"கத்துக்கோ. டிக்கெட்டைவிட அது ஈசி."

"சரி," என்றார் டீச்சர். "கதவு?"

"உடைச்சவங்க போடட்டும்."

அந்த ஜோகுபாளையத்துக் கார்பென்டரே இரண்டு கதவையும் சரிசெய்தார். லிங்கராஜபுரத்துக் கதவைப் பார்த்துவிட்டு, "எந்தத் தடிப்பய சார் இப்படி உடைச்சது?" என்று கேட்டார். நான் கொடிக்கம்பம் என்று சொல்லவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். பதிவேட்டில் இப்போது கட்டங்கள் இடம் மாறிவிட்டன. பயனாளி நான். காலை ஆறரைக்கு என் போன் அடிக்கிறது.

"மாத்திரை?"

"ஆச்சு டீச்சர்."

"போட்டாச்சா, போடப் போறீங்களா?"

நான் எழுந்து போகிறேன். டீச்சர் லைனிலேயே இருக்கிறார். டம்ளரை எடுத்து, போனுக்குப் பக்கத்தில் வைத்துக் குடிக்கிறேன். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மெல்போர்னுக்குச் செய்தி போகிறது.